நெம்புகோலுக்கு முந்தைய கேள்வி

அறவியல் வகுப்பின் முதல் நாளில் ஒரு டிராம் வண்டி வந்தே தீரும் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. பிரேக் பிடிக்காமல் வண்டி ஓடி வருகிறது. நேர்த்தடத்தில் ஐந்து பேர், கிளைத்தடத்தில் ஒருவர். பக்கத்தில் நிற்கும் நீங்கள் நெம்புகோலை இழுத்தால் வண்டி கிளைத்தடத்தில் திரும்பும். இழுப்பீர்களா? பெரும்பாலான மாணவர்கள் கை தூக்குவார்கள். பாலத்தின் மேல் நிற்கும் ஒரு பருத்த மனிதரைக் கீழே தள்ளினால்தான் வண்டி நிற்கும் என்று ஆசிரியர் கதையைக் கொஞ்சம் மாற்றுவார். தூக்கிய கைகள் இறங்கும். உடனே கரும்பலகையில் இரண்டு பெயர்கள் ஏறும்: எண்ணிக்கை பார்த்தவர்கள் பெந்தாம் கட்சி, தள்ள மறுத்தவர்கள் காண்ட் கட்சி. அரை மணி நேரத்தில் இரண்டு பெரும் தத்துவ மரபுகளை அறிமுகப்படுத்தியாகிவிட்டது. வகுப்பும் கலகலப்பாகப் போயிருக்கும். ஆனால் வாழ்க்கையில் ஓர் அறச்சிக்கலை எதிர்கொள்ளும்போது முதலில் செய்ய வேண்டிய வேலை எதுவோ, அதை மட்டும் அந்த மாணவர்கள் செய்யவே இல்லை. யார் எங்கே நிற்கிறார்கள், வழிகள் எத்தனை, எந்த வழியில் போனால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் கதை சொன்னவரே தீர்மானித்துக் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது ஆம், இல்லை மட்டும்தான். அறக் கோட்பாட்டை மாணவருக்கு அறிமுகப்படுத்துவதை முடிவிலிருந்து தொடங்கக் கூடாது, நிலைமையைச் சரியாக விவரிக்கக் கற்றுக்கொடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். விவரிப்பில் தட்டுத்தடுமாறும் இடத்தில்தான் கோட்பாடு தேவைப்படுகிறது. அதற்கு முன்பே அதை நீட்டினால் அது வெறும் லேபிள்.

டிராம் வண்டியை முதலில் ஓட்டிய தத்துவஞானி பிலிப்பா ஃபுட்டை இதில் குறை சொல்ல முடியாது. 1967-இல் கருக்கலைப்பைப் பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரையில் அந்த வண்டி இடையில் வந்துபோகிற ஓர் உதாரணம்தான். நெம்புகோல் பக்கத்தில் நிற்கும் மூன்றாம் மனிதரும் பாலத்தின் மேல் நிற்பவரும் பின்னால் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் என்ற தத்துவஞானி சேர்த்தவர்கள். ஃபுட் தன் வண்டியைத் தனியாக விடவும் இல்லை. கலவரத்தில் பலர் சாகாமல் இருக்க ஒரு நிரபராதியைத் தூக்கில் போடும் நீதிபதியை அதன் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டிலும் கணக்கு ஒன்றுதான், பலருக்காக ஒருவர். வண்டியைத் திருப்பும் ஓட்டுநர் செய்வதை ஏற்கும் நம் மனம் நீதிபதி செய்வதை ஏன் ஏற்பதில்லை என்பதே அவர் கேள்வி. வாதத்தில் பழகிய வாசகர்களுக்கு, ஒரு நுட்பமான வேறுபாட்டைப் பிரித்துக் காட்ட அவர் செய்த கருவி அது. அதைப் பிடுங்கி முதலாண்டு மாணவரின் கையில் முதல் பாடமாகக் கொடுத்தது பின்னால் வந்தவர்களின் வேலை.

அதற்குப் பதிலாக உண்மையில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1884 மே 19 அன்று இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனிலிருந்து மினியனெட் என்ற பாய்மர உல்லாசப் படகு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. சிட்னியில் இருந்த ஒரு வழக்கறிஞர் வாங்கிய படகு அது. கரையோரமாக ஓட்டத்தான் கட்டியிருந்தார்கள், ஆழ்கடலைத் தாண்ட அல்ல. அதில் நான்கு பேர்: கேப்டன் டாம் டட்லி, துணை அதிகாரி எட்வின் ஸ்டீபன்ஸ், மாலுமி எட்மண்ட் புரூக்ஸ், எடுபிடிப் பையன் ரிச்சர்ட் பார்க்கர். பார்க்கருக்கு வயது 17, பெற்றோர் இல்லை. ஜூலை 5 அன்று நன்னம்பிக்கை முனைக்கு வடமேற்கே, கரையிலிருந்து ஆயிரம் மைலுக்கும் அப்பால், ஓர் அலை அடித்துப் படகு மூழ்கியது. நால்வரும் 13 அடி நீளமுள்ள ஒரு சிறு தோணியில் தப்பினார்கள். கையில் இரண்டு டின் டர்னிப் கிழங்கு இருந்தது, குடிநீர் துளியும் இல்லை. நடுவில் ஓர் ஆமை சிக்கியது. மூன்றாவது வாரத்தில் பையன் கடல்நீரைக் குடித்துச் சுருண்டு படுத்துவிட்டான். மற்றவர்கள் பிழைக்கச் சாக வேண்டிய ஒருவரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்றார் டட்லி. புரூக்ஸ் சம்மதிக்கவில்லை. பையனிடம் கேட்கவே இல்லை. சீட்டும் போடவில்லை. எங்களுக்குக் குடும்பம் இருக்கிறது, பையன் போனால் நாங்கள் பிழைப்போம் என்று டட்லியும் ஸ்டீபன்ஸும் பேசிக்கொண்டார்கள். ஜூலை 25 அன்று டட்லி பிரார்த்தனை செய்துவிட்டு, உன் நேரம் வந்துவிட்டது என்று சொல்லி, பையனின் கழுத்தில் கத்தியை இறக்கினார். வேண்டாம் என்ற புரூக்ஸும் சேர்த்து மூவரும் அவன் உடலைத் தின்று உயிர் பிழைத்தார்கள். நான்காம் நாள் ஒரு ஜெர்மன் கப்பல் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது.

செப்டம்பரில் ஃபால்மத் துறைமுகத்தில் இறங்கியதும் டட்லி எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் அதிகாரிகளிடம் சொன்னார். கடலில் இது வழக்கம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பியிருந்தார். ஊரும் அவர் பக்கம்தான் நின்றது. செத்துப்போன பையனின் அண்ணனே வந்து கைகுலுக்கினார். வழக்கு நடந்தபோது ஜூரிகள் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ சொல்லவில்லை. நடந்தவை இவை என்று ஒரு விவரத் தீர்ப்பை மட்டும் தந்து, இது கொலையா என்பதை நீதிபதிகளுக்கு விட்டுவிட்டார்கள். அந்த விவரத் தீர்ப்பைத்தான் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்பேன். அதன் சாரம் இது: பையனைத் தின்றிருக்காவிட்டால் மூவரும் காப்பாற்றப்படும் வரை உயிரோடு இருந்திருப்பது சந்தேகம்தான். மெலிந்து கிடந்த பையன் அவர்களுக்கு முன்பே செத்திருக்கக்கூடும். கண்ணுக்கெட்டிய தூரத்தில் கப்பல் எதுவும் தெரியவில்லை. ஒருவரைக் கொன்றாக வேண்டிய அவசியம் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அது மற்ற மூவரில் ஒருவராக இல்லாமல் பையனாக இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கடைசியாக வரும் அந்த ஒரு விவரம் செய்கிற வேலையைக் கவனிக்க வேண்டும். ஒருவர் செத்து மூவர் பிழைத்தார்கள் என்று சொன்னால் அது வெறும் கணக்கு. நால்வரில் தன்னைக் காத்துக்கொள்ளத் திராணியற்றவனாக, கேட்க ஆளில்லாதவனாகக் கிடந்தவனை மற்றவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னால் அது வேறு விஷயமாகிவிடுகிறது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய உண்மையான வாக்கியங்கள்தான். எந்த வாக்கியத்தை முன்னால் வைக்கிறோம் என்பதில் பாதித் தீர்ப்பு அடங்கிவிடுகிறது. தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் 1884 டிசம்பர் 9 அன்று தீர்ப்புச் சொன்னபோது பிடித்துக்கொண்டதும் இந்த இடத்தைத்தான். அவசியம் என்பதை யார் முடிவு செய்வது, எந்த அளவுகோலால் ஒரு உயிரை இன்னொன்றோடு நிறுப்பது என்று கேட்டார். அவசியத்தால் லாபம் அடைகிறவனே அவசியத்தைத் தீர்மானிக்கும் நீதிபதியாகவும் இருந்தால் முடிவு எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதானே. அந்தத் தோணியில் இருந்திருந்தால் நாங்களே இந்த அளவுகோலை எட்டியிருப்போமா என்பது சந்தேகம்தான் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். விதித்தது மரண தண்டனை. அரசாங்கம் அதை ஆறு மாதச் சிறையாகக் குறைத்தது.

இந்த வழக்கை மூன்று வகுப்புகள் நிதானமாகப் பேசினால் கோட்பாடுகள் தாமாகவே கதவைத் தட்டும். குடும்பங்கள் அநாதையாகாமல் தப்பினவே என்று ஒரு மாணவி சொல்லக்கூடும். அப்போது பெந்தாமைக் கூப்பிடலாம். பலவீனர்களைக் கொல்லலாம் என்பது கடலின் வழக்கமாக நிலைத்துவிட்டால், அடுத்து எந்தப் பையன் கப்பலேறுவான் என்று இன்னொருவர் திருப்பிக் கேட்பார். பயன்பாட்டுவாதம் ஒரே ஒரு செயலின் லாப நஷ்டத்தைப் பார்ப்பதா, விதியாக ஆகும்போது வரும் விளைவைப் பார்ப்பதா என்ற நூறாண்டுப் பழைய உட்சண்டை அங்கே பிறந்துவிட்டது. கேட்காமல் கொன்றதுதான் எனக்கு உறுத்துகிறது என்பவர் காண்டின் வாசலில் நிற்கிறார். சீட்டுப் போட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் என்பவர், நியாயமான நடைமுறை என்று ஒன்று உண்டா, அது முடிவையும் நியாயமாக்கிவிடுமா என்ற இடத்துக்கு வந்துவிட்டார். வேண்டாம் என்று சொன்ன புரூக்ஸ் பிறகு சாப்பிட்டது சரியா என்று ஒருவராவது கேட்பார். செயலை விட்டுவிட்டு மனிதரைப் பார்க்கும் அரிஸ்டாட்டிலுக்கு அதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. ஆழ்கடலுக்குப் பொருந்தாத படகில் 17 வயதுப் பையனை ஏற்றி அனுப்பியவர்களைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை என்று கேட்கும் மாணவர்தான் என் கண்ணில் முதல் மதிப்பெண்ணுக்கு உரியவர். நமக்குக் கொடுக்கப்பட்ட கேள்வியின் எல்லையையே அவர் தள்ளிப் பார்க்கிறார்.

அந்தத் தள்ளிப் பார்த்தல் புத்திசாலித்தனமான விளையாட்டு அல்ல என்பதற்கு சியாட்டில் நகரம் சாட்சி. 1960-இல் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர் கையில் நிரந்தரமாகப் பொருத்தும் ஒரு குழாயை உருவாக்கினார். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களும் டயாலிசிஸில் ஆண்டுக்கணக்கில் வாழ முடியும் என்ற நிலை வந்தது. 1962-இல் சியாட்டிலில் அதற்கென ஒரு மையம் திறந்தார்கள். இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யாருக்கு இடம் என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவைசிகிச்சை நிபுணர். வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, வருமானம், படிப்பு, தேவாலயத்துக்குப் போகிறவரா என்பது வரை எடைபோட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் லைஃப் இதழில் ஷானா அலெக்சாண்டர் இதை எழுதியதும் நாடே அதிர்ந்தது. குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. கொடுக்கப்பட்ட கேள்விக்கு மனச்சாட்சியோடு விடை தேடினார்கள், சம்பளம் கூட வாங்காமல். ஆனால் இந்தப் பத்துப் பேரில் யார் என்பது மட்டுமே கேள்வி என்று எடுத்துக்கொண்டதால், இயந்திரம் ஏன் இவ்வளவுதான் இருக்கிறது என்பது அவர்கள் மேசைக்கு வரவில்லை. 1972-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சிறுநீரகச் செயலிழப்புக்கான சிகிச்சைச் செலவை அரசுக் காப்பீட்டில் சேர்த்தது. யாரைக் காப்பாற்றுவது என்ற புதிருக்கு அன்றும் விடை கிடைக்கவில்லை. அந்தப் புதிரின் தேவைதான் குறைந்தது. டிராம் வண்டியில் பழகிய மனம் இந்த வழியைத் தேடவே தேடாது. கதையில் இல்லாததைக் கேட்பது அங்கே ஆட்ட விதிக்குப் புறம்பு.

இது நம் இலக்கியம் அறியாத விஷயமும் அல்ல. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் கொள்கைக் குறை ஒன்றும் இல்லை. களவுக்குத் தண்டனை என்பது அவன் அறிந்த நீதி. ஊடிப் போன கோப்பெருந்தேவியைச் சமாதானப்படுத்த அந்தப்புரத்துக்கு விரைந்துகொண்டிருக்கும் வேளையில், அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று கோவலனைக் காட்டிக்கொடுக்கப் பொற்கொல்லன் எதிரே வந்து விழுகிறான். நின்று கேட்க அரசனுக்கு நேரமில்லை. சிலம்பு கோவலன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவருக என்ற அளவில் ஆணை போய்விடுகிறது. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற ஒரே ஒரு விவரம் கோவலனைக் காத்திருக்கும். அது சபையில் வெளிப்படும்போது காலம் கடந்துவிட்டது. காண்டைப் படித்திருந்தாலும் பெந்தாமைப் படித்திருந்தாலும் நெடுஞ்செழியன் அன்று அதே தவறைச் செய்திருப்பான். அவன் வழுக்கியது விவரிப்பில்.

அவசரம் என்ன செய்யும் என்பதை 1973-இல் வெளியான ஒரு சோதனை அளந்தே காட்டியது. உளவியலாளர்கள் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேச்சு நிகழ்த்த அனுப்பினார்கள். சிலர் பேச வேண்டிய தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியனின் உவமை. வழியில் ஒருவர் தலைகவிழ்ந்து இருமிக்கொண்டு கிடந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காடு. சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களா, வேறு தலைப்பில் பேசப் போனவர்களா என்பதால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. நாற்பது பேரை வைத்துச் செய்த சோதனையின் மீது பெரிய கோபுரம் கட்ட முடியாதுதான். ஆனால் கொள்கை மனத்தில் இருப்பதும் கண் முன்னால் இருப்பதைப் பார்ப்பதும் இரண்டு வேறு திறமைகள் என்பதை அது நன்றாகவே உணர்த்துகிறது.

இதற்கெல்லாம் எதிர்வாதம் உண்டு, அதுவும் வலுவாகவே. இயற்பியல் ஆசிரியர் உராய்வில்லாத தளத்தில்தான் பாடத்தைத் தொடங்குகிறார், அறவியல் மட்டும் ஏன் சேற்றில் தொடங்க வேண்டும் என்பார்கள். நியாயமான கேள்வி. உராய்வை நீக்கும் ஆசிரியருக்குத் தான் எதை நீக்கினேன் என்பது தெரியும், அடுத்த அத்தியாயத்தில் அதைத் திருப்பிச் சேர்ப்பார். டிராம் கதையில் நீக்கப்படுபவை எவை? விளைவு நிச்சயமில்லை என்பது, ஆட்களுக்கிடையே உறவும் கடனும் உண்டு என்பது, மூன்றாம் வழி இருக்கலாம் என்பது. இவை உராய்வு அல்ல, பாடப்பொருளே இவைதான். இவற்றை அகற்றிவிட்டு எஞ்சியதை அறத்தின் சாரம் என்று காட்டுவது, சாரத்தைப் பற்றி ஒரு குறிப்பிட்ட கோட்பாட்டை ஓசையின்றி ஏற்கவைப்பதாகும். ஃபுட் செய்ததைப் போல, வழக்குகளைப் பேசித் தேர்ந்த பிறகு ஒரு வேறுபாட்டைக் கூர்மையாக்க டிராம் கதையைக் கொண்டுவந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

விவரித்துக்கொண்டே போனால் முடிவெடுப்பது எப்போது என்பது அடுத்த ஆட்சேபம். கெட்டிக்காரர்கள் புதுப்புது விவரங்களைத் தோண்டி எடுத்துத் தமக்குச் சாதகமாக எதையும் நியாயப்படுத்துவார்கள் என்ற பயமும் இதில் இருக்கிறது. இதில் ஓரளவு உண்மை உண்டு என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எல்லையில்லாத விவரிப்பு கோழைகளுக்கு நல்ல ஒளிவிடம். ஆனால் மினியனெட் ஜூரிகள் எழுதிக் கொடுத்தது எத்தனை சிறிய பட்டியல் என்று பாருங்கள். அந்தப் பட்டியல் டட்லிக்கு ஒளிந்துகொள்ள இடம் தரவில்லை, இருந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது. அவசியம் என்ற பொதுச்சொல்லின் நிழலில்தான் அவர் ஒதுங்கியிருந்தார். அவசியம் சரி, ஏன் பையன் என்ற விவரக் கேள்வி அந்த நிழலைக் கலைத்தது. சாக்குகள் பெரும்பாலும் பொதுச்சொற்களில்தான் வாழ்கின்றன, நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னால் அவற்றுக்கு மூச்சுத் திணறும்.

இப்படி வழக்கு வழக்காகப் பேசினால் எல்லாம் அவரவர் கருத்து என்ற மனநிலைதானே மிஞ்சும் என்றும் கேட்கலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. மூன்று கோட்பாடுகளை வரிசையாக நிறுத்தி, ஒரே சிக்கலுக்கு மூன்றும் மூன்று விடை தரும் என்று காட்டும் பாடத்திட்டம்தான் அந்த மனநிலையை ஊட்டுகிறது. மாணவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம், எந்தப் பக்கம் எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்பதே. வழக்கின் உள்ளே போனால் கோட்பாடுகள் பல இடங்களில் கைகோத்து நிற்பது தெரியும். சம்மதம் கேட்காமல், சீட்டும் போடாமல், மெலிந்தவன் என்பதற்காகவே ஒருவனைத் தேர்ந்தெடுத்ததைக் காண்டும் ஏற்க மாட்டார், விதிகளின் விளைவைப் பார்க்கும் பயன்பாட்டுவாதியும் ஏற்க மாட்டார். வேறுபாடு மிஞ்சும் இடம் உண்டு, சீட்டுப் போட்டிருந்தால் என்ற இடம். ஆனால் அது குறுகிய இடம். எது தீர்ந்தது, எது தீரவில்லை என்று அங்கே பிரித்துச் சொல்ல முடிகிறது.

கடைசியில், வகுப்பறையில் பேசி யாராவது நல்லவராகியிருக்கிறார்களா என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் வராதது வகுப்பில் வராது என்பார்கள். எரிக் ஷ்விட்ஸ்கெபல் என்ற தத்துவப் பேராசிரியர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அறவியல் பேராசிரியர்களே மற்றப் பேராசிரியர்களைவிட ஒழுக்கத்தில் மேம்பட்டவர்களாகத் தெரியவில்லை என்று எழுதியவர். அவரே பிராட் கோகலெட், பீட்டர் சிங்கர் ஆகியோருடன் சேர்ந்து கலிஃபோர்னியா ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் 1,332 மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். ஒரு பாதியினர் இறைச்சி உண்பதன் அறம் குறித்துப் படித்து விவாதித்தார்கள், மறுபாதியினர் தர்மம் செய்வது குறித்து. பிறகு வளாக உணவகங்களில் அவர்கள் உண்மையில் எதை வாங்கினார்கள் என்ற பதிவைப் பார்த்தார்கள். முதல் குழுவினர் வாங்கியதில் இறைச்சி உணவின் பங்கு 52 விழுக்காட்டிலிருந்து 45 ஆகக் குறைந்தது, மறு குழுவில் மாற்றமில்லை. 2020-இல் வெளியான இந்த ஆய்வை நடத்தியவர்களில் சிங்கர் புலால் எதிர்ப்பில் பெயர்பெற்றவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஏழு விழுக்காட்டுப் புள்ளிகளை வைத்துப் புரட்சி என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தாலும், தட்டில் இருப்பது என்ன, அது எங்கிருந்து வந்தது என்ற அளவுக்குக் கிட்டத்தில் போய்ப் பேசியதற்குக் கொஞ்சம் பலன் இருந்திருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு அறம் பள்ளியில் நீதிபோதனை வகுப்பாக வருகிறது. பிறகு நீண்ட இடைவெளி. மருத்துவம் படிப்பவர்களுக்கு 2019 முதல் நெறிமுறைப் பாடம் தனிப் பகுதியாக வந்திருக்கிறது. மற்றப் பலர் அறக் கோட்பாட்டை முதன்முதலாகச் சந்திப்பது குடிமைப்பணித் தேர்வுக்கான பயிற்சி மையத்தில்தான். 2013-இல் முதன்மைத் தேர்வில் சேர்ந்த நான்காம் பொது அறிவுத் தாள் அறவியலுக்கானது, 250 மதிப்பெண். அதில் ஏறத்தாழ பாதி வழக்கு ஆய்வுகளுக்கே போகிறது. வழக்கை முன்னால் வைக்கும் நல்ல வடிவம் அது. ஆனால் விற்பனையில் இருக்கும் வழிகாட்டிகள் அதற்கும் வாய்ப்பாடு வைத்திருக்கின்றன: சம்பந்தப்பட்டவர்கள் யார், என்னென்ன விழுமியங்கள் மோதுகின்றன, மூன்று மாற்று வழிகள், நடுவழியைத் தேர்ந்தெடு, ஒரு தத்துவஞானியின் பெயரைச் சேர்த்து முடி. வினாத்தாளில் சொல்லாத எந்த விவரம் தெரிந்தால் என் முடிவு மாறும் என்ற ஒரு வரியை எழுத அந்த வாய்ப்பாட்டில் இடமில்லை. நாளை ஒரு கோட்டத்தில் சார் ஆட்சியராக உட்காரும்போது மேசைக்கு வரும் கோப்பும் யாரோ ஒருவர் தன் வசதிக்கு விவரித்து அனுப்பியதாகத்தான் இருக்கும். பயிற்சி மையங்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரே வேண்டுகோள்: முதல் மூன்று வகுப்புகளை ஒரே ஒரு உண்மை வழக்குக்குக் கொடுங்கள், காண்டின் பெயரை நான்காவது வகுப்பு வரை சொல்லாமல் இருங்கள், தேர்வுத்தாளிலும் அந்த ஒரு வரிக்கு மதிப்பெண் ஒதுக்குங்கள்.